தொட்டால்தான் தொழில்

நோயாளியைத் தொடாமல் பிசியோதெரபி இல்லை. இறுகிய தோள்மூட்டைத் தளர்த்துவதும், பக்கவாதம் வந்தவரைத் தாங்கிப்பிடித்து நடக்கப் பழக்குவதும் ஆறடி தள்ளி நின்று செய்கிற வேலையல்ல. கொரோனா காலத்தில் இயன்முறை மருத்துவர்களின் மனம் குலைந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் ஊரடங்கு தொடங்கியபோது தென்காசி மாவட்டம் பிறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மாவட்டத்தின் விசைத்தறி ஊரான சங்கரன்கோவிலில் தறிச்சத்தம் அடங்கியது. அந்த ஆண்டு ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் வழக்கமான கூட்டம் இல்லை. நாள் முழுக்கத் தறியோடு நிற்பவர்களுக்கு இடுப்புவலியும் மூட்டுவலியும் தொழிலோடு வருபவை. கூலி நின்றால் வீட்டில் முதலில் வெட்டுப்படுவது ‘கரண்ட் வைக்கிற’ பிசியோதெரபிச் செலவுதான். ஒற்றை அறை கிளினிக்கை நம்பியிருந்த பிசியோதெரபிஸ்டுக்கோ வாடகையும் கடன் தவணையும் நிற்கவில்லை.

பணக்கவலையைவிட ஆழமாக அரித்தது வேறொன்று. பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில்தான் மீட்சி வேகமாக நடக்கும். பாடுபட்டுப் பழக்கி மடங்கத் தொடங்கிய விரல், பயிற்சி விட்டுப்போனால் மறுபடி இறுகிவிடும். செல்போன் வீடியோவில் ‘கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க ஐயா’ என்று சொல்லலாம். தசை எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்பது தொட்டுப் பார்க்கிற கைக்குத்தான் தெரியும். தன் பிழை இல்லை என்று அறிந்தும் வரும் குற்றவுணர்ச்சி இது. தூக்கத்தைக் கெடுப்பதில் இதற்கு இணை குறைவு.

மருத்துவமனையில் பணியில் இருந்தவர்களுக்குப் பயம் வேறு வகை. மூச்சுத்திணறுபவரைக் குப்புறப் படுக்கவைப்பது, நெஞ்சுச்சளியை வெளிக்கொணர்வது, மூன்று பந்து மூச்சுப்பயிற்சிக் கருவியை உறிஞ்சப் பழக்குவது எல்லாமே இருமலுக்கு எட்டும் தூரத்தில் நடப்பவை. 2021 மே மாதம் மாநிலத்தின் ஒருநாள் தொற்று 36,000-ஐத் தாண்டியது. கவச உடைக்குள் வியர்த்து வீடு திரும்பினால் குழந்தையைத் தூக்கவும் தயக்கம்.

பணிச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்கள் சொல்கிறது: தெம்பு வற்றுதல், வேலையில் ஒட்டாமை, தன்னால் பயனில்லை என்ற எண்ணம். பிசியோதெரபிஸ்டுகளை மூன்றாவது எளிதில் பிடித்துக்கொள்ளும். மெதுவாகவே பலன் தெரியும் தொழிலில், நோயாளி எழுந்து நடப்பதுதான் உண்மையான சம்பளம். அது கண்ணில் படாமல் போனது.

டாக்டர், நர்ஸ் என்றே பேசப்பட்ட முன்களத்தில் இவர்கள் பெயர் அரிதாகவே அடிபட்டது. ஆனாலும் 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபியையும் உள்ளடக்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசென்றது.

இப்படிச் சோர்ந்தவர்களின் மனநல உதவிக்கு 2022 அக்டோபர் முதல் டெலி-மானஸ் தொலைபேசி உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரின் வாசலில் யார் நின்றாலும் சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிடும் சிற்றூர்களில், நேரில் போவதைவிடத் தொலைபேசியே தோது.