விவிலியத்தில் பல தெய்வ வழிபாடு: தமிழ், தெலுங்கு மொழிபெயர்ப்புகளில் ஒருமையும் பன்மையும்

சத்தியவேடு 1960 ஏப்ரல் 1 அன்று செங்கற்பட்டு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டு ஆந்திரப் பிரதேசத்துடன் சேர்க்கப்பட்டது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இத்தகைய எல்லைப் பகுதிகளில், விவிலியத்தின் ஒரே வசனத்தை இரு மொழிகளிலும் கேட்கும் வாய்ப்பு மிகுதி. பல தெய்வ வழிபாட்டை விலக்கும் வசனங்களில் இம்மொழிபெயர்ப்புகள் ஒருமை பன்மையை ஒரே வகையாகக் கையாளவில்லை. அவ்வேறுபாடு பொருளையும் பாதிக்கிறது.

எபிரேயத்தில் 'எலோகிம்' என்பது வடிவில் பன்மை. இசுரயேலின் கடவுளைக் குறிக்கும்போது அது பொதுவாக ஒருமை வினை கொள்ளும். பிற தெய்வங்களையும் அச்சொல்லே குறிக்கும். தமிழில் நிலை இதற்கு நேர்மாறானது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வழிவந்த பதிப்பில் 'தேவன்' என்னும் ஒருமைப் பெயர் 'ஆர்' ஈற்று மதிப்பு வினை கொள்கிறது. 'தேவர்' எனின் அது மதிப்பொருமையா, வானோர் கூட்டமா என்னும் ஐயம் எழும். பிற தெய்வங்களுக்குக் 'கள்' ஈறு சேர்ந்து 'தேவர்கள்' என்றாயிற்று.

யாத்திராகமம் 20:3இல் 'பிற' என்னும் எபிரேய அடைமொழி பன்மையில் உள்ளது. மேற்குறித்த தமிழ்ப் பதிப்பு அப்பன்மையைக் காக்கிறது. பழைய தெலுங்கு மொழிபெயர்ப்போ 'வேரொக தேவுடு' என ஒருமையாக்குகிறது. அண்டை மக்களின் தெய்வங்கள் பலவாதலைப் பன்மை உணர்த்தும். அவை உண்டா, இல்லையா என்னும் வினாவை இவ்வசனம் எழுப்பவில்லை. அவற்றை வழிபடுவதையே தடுக்கிறது. வேறு கடவுள் இல்லை என்னும் வெளிப்படையான மறுப்பு ஏசாயா 44, 45ஆம் அதிகாரங்களில் காணப்படுகிறது. தடையும் மறுப்பும் வேறு வேறு.

சங்கீதம் 96:5இல் பிற மக்களின் 'எலோகிம்' அனைத்தும் 'எலிலிம்', அதாவது பயனற்றவை, எனப்படுகின்றன. தமிழில் 'விக்கிரகங்கள்' என்றதால் ஒலிநயமும் இகழ்ச்சியும் மறைந்து, சிலை என்னும் பொருளே எஞ்சுகிறது. தெலுங்கு, வெறுமையை உணர்த்தும் 'வட்டி' என்னும் அடையைச் சேர்த்து இகழ்ச்சியைக் காக்கிறது. பிற தெய்வங்களைத் 'தேவதலு' என வேறு சொல்லாலும் சுட்டுகிறது.

1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' கடவுள் என்னும் உயர்திணைச் சொல்லையும், யாத்திராகமத் தடையில் தெய்வங்கள் என்னும் அஃறிணைப் பன்மையையும் ஆள்கிறது. இதனால் தெளிவு பிறக்கிறது. எனினும் மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது மறைகிறது. ஆதலின், ஒரு வசனம் வழிபாட்டைத் தடுக்கிறதா, பிற தெய்வங்களின் இருப்பையே மறுக்கிறதா என்பதை முதலில் தெளிந்து, பின்னரே மொழிபெயர்ப்பாளர் சொல்லையும் எண்ணையும் தேர்தல் வேண்டும்.