தாத்தாவின் மிலிட்டரி வாட்ச்... டயலை மாற்றலாமா?

திருத்துறைப்பூண்டியில் நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து பச்சை நிற ட்ரங்குப் பெட்டி ஒன்று இறங்கியது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து, மீதிக் காலம் முழுக்க வயலே கதி என்று வாழ்ந்து மறைந்த தாத்தாவின் பெட்டி அது. தெருவில் இன்றும் அதற்கு 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றுதான் பெயர்.

கம்பளிக்கும் பென்ஷன் காகிதங்களுக்கும் அடியில், கைக்குட்டையில் சுற்றி ஒரு கைக்கடிகாரம். பழுப்பேறிய வெள்ளை டயல். வெளிவட்டத்தில் 1 முதல் 12, உள்வட்டத்தில் சிறிதாக 13 முதல் 24. 'ஹெச்.எம்.டி ஜவான்'!

பேரன் உடனே செல்போனில் தேடினான். "ஆன்லைன்ல இதெல்லாம் பளபளன்னு இருக்கு. நாமளும் டயலைப் புதுசா மாத்திட்டா நல்ல விலைக்குப் போகும்" என்றான். அப்பாயி ஒன்றும் சொல்லாமல் வாட்ச்சை வாங்கி முந்தானையால் துடைத்தார்.

டயலை மாற்றலாமா, கூடாதா? பதில் சொல்ல, ராணுவ வாட்ச்சின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

சட்டைப் பையிலிருந்து மணிக்கட்டுக்கு...

நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆண்களுக்கு வாட்ச் என்றால், சட்டைப் பையில் சங்கிலியோடு கிடப்பதுதான். கையில் கட்டுவது பெண்களின் நகை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அதை மாற்றியது முதல் உலகப் போர். பீரங்கித் தாக்குதல் எந்த நிமிடம் நிற்கிறதோ, அந்த நிமிடம் பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் பாய வேண்டும். ஒரு கையில் துப்பாக்கி இருக்கும்போது பைக்குள் வாட்ச்சைத் தேட முடியுமா? பாக்கெட் வாட்ச்சில் கம்பி வளையம் பற்றவைத்து, வார் கோத்து மணிக்கட்டில் கட்டினார்கள். கண்ணாடி உடையாமலிருக்க, சிலர் மேலே உலோகச் சல்லடை மூடியும் போட்டார்கள்.

அந்தப் போரில் 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் பங்கேற்றார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை விரித்திருந்த சுவிஸ் நிறுவனமான 'வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி', தன் புகழ்பெற்ற கடிகாரத்துக்கு வைத்த பெயர் 'சோவார்'. குதிரைப்படை வீரன் என்று பொருள்.

மூன்று 'டபிள்யூ'

இரண்டாம் உலகப் போரில், வாட்ச் எப்படி இருக்க வேண்டும் என்று ராணுவங்களே விதி எழுதின. ஜெர்மன் விமானப்படையின் நேவிகேட்டர்களுக்கான வாட்ச் 55 மில்லிமீட்டர் அகலம். கனமான ஜாக்கெட்டின் கைக்கு மேலேயே கட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவின் 'ஏ-11' வாட்ச்சில் சாவியை இழுத்தால் விநாடி முள் அப்படியே நிற்கும். அதிகாரி கட்டளையிட்டதும் எல்லோரும் ஒரே நொடியில் சாவியை அழுத்துவார்கள். அத்தனை கைகளிலும் ஒரே நேரம்.

பிரிட்டன் கேட்டது, கறுப்பு டயலும் இருட்டில் ஒளிரும் முட்களும் கொண்ட, தண்ணீர் புகாத வாட்ச். ஒமேகா, லாஞ்சின்ஸ், சைமா உட்பட 12 நிறுவனங்கள் செய்து கொடுத்தன. பின்மூடியில் மூன்று 'டபிள்யூ' இருக்கும். வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப் என்பதன் சுருக்கம். கூடவே அரசு உடைமை என்பதைக் காட்டும் அம்புக்குறி. 1945-ல் வந்த இவற்றைத்தான் சேகரிப்பாளர்கள் 'டர்ட்டி டசன்' என்கிறார்கள்.

அந்த அம்புக்குறிக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. 'இது உன்னுடையதல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டும்.' துப்பாக்கியைப்போல வாட்ச்சும் கணக்கில் இருக்கும்.

நம் ஊர் ஜவான்

சுதந்திர இந்தியா சொந்தமாக வாட்ச் செய்யத் தொடங்கியது 1961-ல். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் ஆலை அமைத்தது ஹெச்.எம்.டி. முதல் வாட்ச்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. ஜனதா, பைலட், ஜவான், சைனிக் என்று பெயரிலேயே நாட்டையும் படையையும் சுமந்த வாட்ச்கள் வந்தன.

17 ஜூவல் என்று டயலில் இருந்தால் உள்ளே ரத்தினம் இருக்கிறது என்று நம்பியவர்கள் நம் ஊரில் உண்டு. உண்மைதான், ஆனால் செயற்கை மாணிக்கம்! சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காக வைப்பது. விற்றால் காசு தேறாது.

2016-ல் ஹெச்.எம்.டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதன் பிறகு பழைய வாட்ச்களுக்கு மவுசு ஏறியது. கூடவே கலப்படமும் ஏறியது. பழைய மெஷினில், புதிதாக அச்சடித்த டயலைப் பொருத்தி, ராணுவச் சின்னமும் போட்டு 'ஒரிஜினல் ஆர்மி வாட்ச்' என்று விற்கிறார்கள். கேஸ் தேய்ந்திருக்க, டயல் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். நிஜமான ராணுவ வாட்ச் அலங்காரம் செய்துகொள்ளாது. அதன் அடையாளங்கள் பெரும்பாலும் பின்மூடியில்தான் இருக்கும்.

'ரேடியம்' ஜாக்கிரதை!

இன்று பைக்கில் ஒட்டும் 'ரேடியம்' ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது. ஆனால், இரண்டாம் உலகப் போர்க்கால வாட்ச் முட்களில் நிஜமான ரேடியம் பூசினார்கள். அந்தப் பூச்சுத் தொழிலில், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிய அமெரிக்கப் பெண்கள் பலர் நோயுற்று இறந்தார்கள். 1960-களிலிருந்து ரேடியத்தின் இடத்துக்கு, வீரியம் குறைந்த டிரிடியம் வந்தது.

ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். வாட்ச் இருட்டில் ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒளிரவைக்கும் ரசாயனம்தான் செத்திருக்கும். எனவே, அந்தக் காலத்து வாட்ச் வீட்டில் இருந்தால்...

* கண்ணாடியை நீங்களே கழற்றாதீர்கள். டயலைச் சுரண்டவோ, வாயால் ஊதவோ கூடாது. அந்தத் தூள் உடலுக்குள் போவதுதான் ஆபத்து.

* கண்ணாடி உடைந்திருந்தால் மூடி போட்ட டப்பாவில் வைத்து, கையைக் கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

* ரிப்பேருக்குக் கொடுக்கும்போது 'ரேடியம் பூச்சு இருக்கலாம்' என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.

* எந்தப் பழைய வாட்ச்சாக இருந்தாலும், பல வருடம் கிடந்ததற்கு உடனே சாவி கொடுக்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். முதலில் சர்வீஸ். அப்போது 'டயலைத் தொட வேண்டாம்' என்றும் சொல்லுங்கள்.

அப்பாயி சொன்னது

"இது மிலிட்டரியில குடுத்ததா அப்பாயி?" என்று கேட்டான் பேரன்.

"குடுத்ததுன்னா திருப்பி வாங்கிருக்க மாட்டாங்களா? லீவுக்கு வர்றப்ப கேன்டீன்ல காசு குடுத்து வாங்குனதுப்பா. மோட்டாருக்கு கரன்ட் எப்ப வரும்னு நடுச்சாமத்துல இதைத்தான் பாப்பாங்க. சேத்துல இறங்குறதுக்கு முன்னாடி கழட்டி என் கையில குடுத்துட்டுத்தான் இறங்குவாங்க. அப்படியும் ஒரு நா தண்ணி பூந்துருச்சு. அந்தக் கறைதான் இது."

ஆறு மணிக்குப் பக்கத்தில் இருந்த பழுப்புக் கறையை விரலால் காட்டினார்.

பேரன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் கடைவீதியில் இருக்கும் வாட்ச் கடைக்குப் போனோம். "டயலைப் புதுசா மாத்திரலாமா தம்பி?" என்றார் கடைக்காரர்.

"வேணாம்ண்ணே... ஓட வச்சு மட்டும் குடுங்க."