நர்ஸே மயக்க மருந்து கொடுக்கலாமா? அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விதி!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர் மருந்துச் சீட்டு எழுத வேண்டுமென்றால், டாக்டர் ஒருவருடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும். பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் உரிமம் வாங்கிவிட்டால் அந்த ஒப்பந்தம் தேவையில்லை. அதே படிப்பு, அதே அனுபவம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

யார் இவர்கள்?

சாதாரண நர்ஸ் உரிமத்துக்கு மேல் உயர்படிப்பு முடித்தவர்கள் இவர்கள். நர்ஸ் பிராக்டிஷனர், மயக்க மருந்து நர்ஸ், நர்ஸ் மிட்வைஃப், கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என 4 பிரிவுகள் உண்டு. உரிமம் கொடுப்பது மத்திய அரசு இல்லை, மாநில அரசு. எதுவரை தனியாகச் செய்யலாம் என்பதையும் மாநிலச் சட்டமே சொல்கிறது. குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

மயக்க மருந்து நர்ஸ் ஆவது எப்படி?

முதலில் என்கிளெக்ஸ் தேர்வு எழுதி நர்ஸ் உரிமம் வாங்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 1 ஆண்டு அனுபவம் வேண்டும். அடுத்து சுமார் 3 ஆண்டு படிப்பு. 2022 முதல் புதிதாகச் சேருபவர்களுக்கு இது டாக்டரேட் நிலைப் படிப்பு. அதன்பின் தேசிய சான்றிதழ் தேர்வு. இவ்வளவும் முடித்த பிறகுதான் மாநில உரிமம்.

டாக்டர் மேற்பார்வை கட்டாயமா?

மெடிகேர் காப்பீட்டு விதிப்படி, ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்து நர்ஸை டாக்டர் மேற்பார்வையிட வேண்டும். ஆனால் 2001-ல் ஒரு வழி திறந்தது. மாநில ஆளுநர் கடிதம் எழுதி இந்த விதியிலிருந்து விலக்கு பெறலாம். முதலில் விலகியது அயோவா. இப்படி விலகினாலும், மாநிலச் சட்டமும் ஆஸ்பத்திரி விதிகளும் அப்படியேதான் இருக்கும்.

சண்டை எதற்கு?

'கிராமத்து ஆஸ்பத்திரியில் மயக்கவியல் டாக்டர் கிடைப்பதில்லை. நாங்களும் இல்லையென்றால் ஆபரேஷனே நடக்காது' என்பது நர்ஸ்கள் தரப்பு வாதம். 'ஆபரேஷன் நடுவே சிக்கல் வந்தால் டாக்டரின் நீண்ட பயிற்சிதான் கைகொடுக்கும்' என்பது டாக்டர்கள் தரப்பு. இரண்டு பக்கமும் பேசுவது நோயாளியின் பாதுகாப்பைத்தான்.

மாநிலம் மாறினால்?

சாதாரண நர்ஸ்களுக்கு ஒரே உரிமத்தில் பல மாநிலங்களில் வேலை பார்க்கும் ஒப்பந்தம் இருக்கிறது. உயர்நிலை நர்ஸ்களுக்கு அது போதாது. இவர்களுக்கான தனி ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 7 மாநிலங்கள் சட்டம் இயற்ற வேண்டும்.

தமிழ்நாட்டு நர்ஸ்கள் கவனத்துக்கு

இங்கே பி.எஸ்சி நர்சிங் முடித்தவர்கள் என்கிளெக்ஸ் எழுதி அங்கே நர்ஸாகச் சேரலாம். ஆனால் இங்கே முடித்த எம்.எஸ்சி நர்சிங் மட்டும் கையில் இருந்தால் உயர்நிலை உரிமம் கிடைத்துவிடாது. பொதுவாக அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் படிப்பை முடிக்க வேண்டியிருக்கும். ஏஜென்சி சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாமல், போகவிருக்கும் மாநிலத்தின் நர்சிங் வாரிய விதிகளை முதலில் பார்த்துவிடுவது நல்லது.