மூளையும் பழக்கமும்

தீக்குச்சி ஒன்றனைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் தலையில் பொட்டாசியம் குளோரேட்டுக் கலந்த மருந்து உள்ளது. பெட்டியின் பக்கத்திலோ சிவப்புப் பாஸ்பரஸ் பூசப்பட்டுள்ளது. குச்சி தனித்திருப்பின் தீயில்லை. பெட்டி தனித்திருப்பினும் தீயில்லை. இரண்டும் உராயும் இடத்தேதான் பொறி தோன்றுகிறது.

இத்தொழிலை 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று பயின்று வந்து, வானம் பார்த்த மண்ணாகிய சிவகாசியில் நிலைபெறச் செய்தனர். முன்பின் அறியாத தொழிலொன்று அவ்விருவர்க்கும் கைவந்தது எங்ஙனம்? நாம் ஒன்றனைக் கற்குங்கால் நம் மூளையில் நிகழ்வது யாது? இதனை விளக்குதற்கு அத்தீக்குச்சியே நமக்கு ஏற்ற உவமையாகும்.

மாந்தர் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை தனித்தனியானவை என்பதை நுண்ணோக்கியின் துணையால் ஆராய்ந்து காட்டிய ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹால் 1906-ஆம் ஆண்டு நோபல் பரிசினைப் பகிர்ந்து பெற்றார். ஓர் அணு மற்றோர் அணுவை நெருங்கும் இடத்தினை ஆங்கில அறிஞர் செரிங்டன் 1897-இல் 'சினாப்சு' என்று குறித்தார். நாம் அதனை நரம்பிணைப்பு என்போம். இணைப்பு என்று கூறினும், பெரும்பாலானவற்றின் நடுவே சிறியதோர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதினாயிரம் கூறு செய்தால் அவற்றுள் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே அவ்விடைவெளி.

முதல் அணுவில் மின்துடிப்பு வந்தவுடன், குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து அடுத்த அணுவைச் சேர்கிறது. அங்கே அதனை வரவேற்கும் புரதங்கள் உள்ளன. அவற்றை ஏற்பிகள் என்பர். அவ்வேற்பிகளுள் ஒன்று வியப்புக்குரியது. அதன் வாயிலை மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். குளுட்டமேட் வந்து தட்டினால் மட்டும் அவ்வாயில் திறவாது. அதே நேரத்தில் இரண்டாம் அணுவும் கிளர்ச்சியுற்றிருத்தல் வேண்டும். குச்சியும் பெட்டியும் கூடினாலன்றித் தீப் பிறவாமை போல, இரண்டு அணுக்களும் ஒருங்கே செயற்பட்டாலன்றி இவ்வாயில் திறப்பதில்லை. திறந்ததும் கால்சியம் உட்புகும். அது சில புரதங்களைத் தூண்ட, அவை மேலும் பல ஏற்பிகளை அணுவின் மேற்பரப்பிற்குக் கொணரும். அதனால் அடுத்த முறை வரும் சிறு செய்தியும் உரத்துக் கேட்கும்.

'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்பது பழமொழி. 1973-ஆம் ஆண்டில் பிளிஸ், லோமோ என்னும் அறிஞர் இருவர், முயலின் மூளையிலுள்ள நரம்புகளை அடுத்தடுத்துத் தூண்டினர். அதன் பயனாக அங்குள்ள இணைப்புகள் பல மணி நேரம் வலுப்பெற்று நின்றமையைக் கண்டு வெளியிட்டனர். அவ்வலிமை நெடுநாள் நிலைக்கப் புதிய புரதங்கள் தேவை. அவற்றுள் ஒன்று மூளைசார் நரம்பு வளர்காரணி எனப்படும். பார்டு, தோனென் முதலிய அறிஞர் 1982-இல் பன்றியின் மூளையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். வளரும் பயிருக்கு உரம்போல, உழைக்கும் இணைப்பிற்கு அது துணைசெய்கிறது. பயன்படாத இணைப்புகளோ தளர்ந்து மெலிகின்றன. இவ்வாறு பழக்கத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்பினை மூளையின் நெகிழ்திறன் என்பர்.

இவ்வுண்மையை யான் காலந்தாழ்த்தே உணர்ந்தேன். 1980-களில் யான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். செய்யுள் ஒன்றனை மூன்று நாளாகியும் ஒப்பிக்க இயலாது நின்றாள். 'மந்தமதி' என்று கடிந்துரைத்தேன். பின்னர் ஒருநாள் அவள் இல்லம் சென்றபோது, அவள் தீப்பெட்டி ஒட்டுதலைக் கண்டேன். விரல்கள் கண்ணுக்குப் புலனாகா விரைவில் இயங்கின. ஒரு பெட்டியும் கோணவில்லை. விடியுமுன் எழுந்து ஒட்டிவிட்டுப் பள்ளிக்கு வருவதாக அவள் அன்னையார் கூறினார். அவள் மூளை மந்தமன்று. தனக்கு இடப்பட்ட வேலையை அது செம்மையாகக் கற்றிருந்தது. செய்யுளைக் கற்க நேரமும், கற்றதை நிலைபெறுத்த உறக்கமுமே அவளுக்கு வாய்க்கவில்லை. யான் கடிந்துரைத்த சொல் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

தீப்பெட்டி, வெடித் தொழிற்சாலைகளில் பதினான்கு அகவை நிரம்பாதவரை அமர்த்தலாகாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2016-இல் அது திருத்தப்பெற்று, பதினெட்டு அகவை நிரம்பாதவரை வெடிபொருள் போன்ற இடர்மிக்க தொழில்களில் ஈடுபடுத்துவதும் தடுக்கப்பட்டது.

நெகிழ்திறனுக்குப் பகையாவது காரீயம். கால்சியத்தைப் போல நடித்து அது மூளையுட் புகும். நாம் முன்பு கண்ட ஏற்பியின் வாயிலை அடைக்கும். வளர்காரணியையும் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குழந்தைகளின் அறிவுத்திறன் இதனாற் குன்றும். இவ்வளவு காரீயம் உடலிற் சேர்ந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிபு. ஒருசார் வாணவெடிகளில் படபடவென்னும் ஓசைக்குக் காரீயச் சேர்மங்கள் பயன்பட்டதுண்டு. 2017-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் காரீயம், பாதரசம், ஆர்சனிக், ஆண்டிமனி, லித்தியம் ஆகிய ஐந்தினையும் சேர்த்தலாகாதென ஆணையிட்டது. பசித்த வயிறும், கால்சியமும் இரும்புச்சத்தும் குறைந்த உடலும் காரீயத்தை மிகுதியாக ஏற்கும். ஆதலின், விருதுநகர் ஈன்ற காமராசர் 1956-இல் பள்ளிகளில் பரவச் செய்த பகலுணவு, பசியை ஆற்றியதோடு மூளைக்கும் அரணாயிற்று எனலாம்.

மாணவர்களே! அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்ட பொருளன்று. நீங்கள் இன்று ஒரு பாடலை ஓதினும், ஒரு கணக்கைச் செய்யினும், உங்கள் மூளையில் நுண்ணிய இணைப்புகள் சில வலுப்பெறுகின்றன. ஒருமுறையிற் படியாததை மறுமுறை பயிலுங்கள். பயின்றபின் நன்கு உறங்குங்கள். உடன் பயில்வான் ஒருவன் பின்தங்கின், அவனை மந்தன் என்று எள்ளாதீர்கள். அவன் உண்டானா, உறங்கினானா என்று முதலில் வினவுங்கள். அவ்வினாவை யான் அன்று கேட்கவில்லை, நீங்கள் கேட்பீர்களாக.