நெற்றியைப் பாருங்கள்

யானை என்றதும் பிளிறல்தான் நினைவுக்கு வரும். அது பதற்றத்திலும் பரபரப்பிலும் எழுவது. கூட்டத்துக்குள் அன்றாடம் நடக்கும் பேச்சு தாழ்ந்த உறுமல். ஆசிய யானையின் உறுமல்களில் பல 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை. நம் காதுக்கோ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே எட்டாது.

1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில், ஆசிய யானைகளின் அருகே நின்ற ஆய்வாளர் கேட்டி பெய்ன் காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். பின்னர் அங்கே எடுத்த ஒலிப்பதிவை வேகமாக ஓடவிட்டதும் உறுமல்கள் கேட்டன. அப்படி உறுமும்போது யானையின் நெற்றித் தோல் லேசாகத் துடிக்கும். வாய்த்தால் நீங்களும் பார்க்கலாம்.

தாழ்ந்த ஒலியை மரமும் புதரும் அதிகம் தடுப்பதில்லை. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் மேயும் உறவுகளுக்கும் அது போய்ச் சேரும். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் சட்டென அசையாமல் நின்று காதை விரித்தால், எதையோ கேட்கிறது என்று கொள்ளுங்கள்.

பேசாமலிருக்கவும் யானைக்குத் தெரியும். தென்னிந்தியாவில் பயிர் மேய வந்த யானைகளுக்கு ஆய்வாளர்கள் புலியின் உறுமலை ஒலிக்கவிட்டார்கள். அவை சத்தமில்லாமல் நழுவின. சிறுத்தையின் உறுமல் கேட்டபோதோ பிளிறி, எதிர்க்குரல் கொடுத்து, பிறகே விலகின. இந்த ஆய்வு வெளியான ஆண்டு 2013.