மின்வேலிப் பெட்டி பழுதானாலும் உயிர்ச்சேதம் கூடாது

நீலகிரியில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் பயிரிடும் சிறு விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றியும் காட்டெருமையும் தீராத தொல்லை. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானைத் தொல்லை வேறு. ஆகவே சூரிய மின்வேலி அமைப்போர் பலர். கம்பியையும் கம்பத்தையும் பார்த்து வாங்கும் நாம், கம்பிக்கு மின்சாரம் அனுப்பும் எனர்ஜைசர் பெட்டியைப் பற்றி விசாரிப்பதில்லை. உயிரைக் காப்பது அந்தப் பெட்டிதான்.

இரு மின்சாரங்களின் வேறுபாடு

வீட்டு இணைப்பில் 230 வோல்ட் மின்சாரம் தொடர்ந்து பாய்கிறது. தொட்டவரின் தசை இறுகி, கையை எடுக்க முடியாமற்போகும். இதயத் துடிப்பும் குலைந்துவிடும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் இறந்தது சட்டவிரோத மின்வேலியில் சிக்கித்தான்.

எனர்ஜைசர் சில ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை அனுப்பினாலும், அது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே கம்பியில் இருக்கும். பிறகு சுமார் ஒரு நொடி இடைவெளி. அதற்குள் விலங்கும் மனிதரும் விலகிக்கொள்ளலாம். இந்தக் கால அளவையும் அதிர்வின் சக்தியையும் 60335-2-76 என்ற சர்வதேசத் தரம் வரையறுக்கிறது. இதற்கு இணையான இந்தியத் தரம் ஐ.எஸ். 302-2-76.

மென்பொருள் தவறினால்?

இக்காலப் பெட்டிகள் பலவற்றில் அந்த ஒரு நொடியை எண்ணுவது சிறு சில்லும், அதில் எழுதப்பட்ட மென்பொருளுமே. ஈரத்தாலோ இடியாலோ அது கணக்குத் தவறி, அதிர்வுகளை இடைவிடாமல் அனுப்பினால் ஆபத்து.

இதற்காகவே மென்பொருளால் இயங்கும் கருவிகளுக்கும் பாதுகாப்புத் தரங்கள் ஏற்பட்டுள்ளன. எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான 61508 என்ற தரம் 1998இல் வெளிவரத் தொடங்கி, 2010இல் திருத்தப்பட்டது. எந்தக் கருவியும் ஒருநாள் பழுதாகும். ஆனால் பழுதாகும்போது ஆபத்தில்லாத பக்கமே சாய வேண்டும் என்பது இதன் சாரம். குக்கரில் விசில் அடைத்துக்கொண்டால் பாதுகாப்பு வால்வு திறந்து ஆவியை வெளியேற்றுவது போலத்தான் இதுவும்.

நல்ல பெட்டியில் மென்பொருளைக் கண்காணிக்கத் தனியாக ஒரு காவல் சுற்று இருக்கும். மென்பொருள் குறித்த நேரத்தில் அதற்குச் சைகை தராவிட்டால், அது மின்சாரத்தை நிறுத்திவிடும் அல்லது சில்லை மீண்டும் இயக்கும். பரிசோதனைக் கூடத்தில் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பழுதாக்கி, அப்போதும் பெட்டி வரம்பை மீறவில்லையா என்று பார்ப்பார்கள். தர எண்ணுக்கு மதிப்பு இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை

1. பெட்டியில் தர எண் இருக்கிறதா என்று பார்த்து, ரசீதுடன் வாங்கவும்.

2. பழுதானால் அந்த நிறுவனத்தாரிடமே கொடுக்கவும். வேறு உறுப்பை மாற்றிப் பொருத்தினால் பரிசோதனை செய்த பயனே போய்விடும்.

3. ஒரு வேலிக்கு இரண்டு பெட்டிகளை இணைக்கக் கூடாது. ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று அதிர்வு அனுப்பிவிடும்.

4. முள்கம்பியில் மின்சாரம் பாய்ச்சக் கூடாது. சிக்கியவர் விலக முடியாது.

5. வேலியின் எர்த் கம்பி, வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

6. பாதையோரத்தில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை அவசியம்.

தமிழக அரசு 2023இல் மின்வேலிகளுக்கான பதிவு, ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்துள்ளது. வேலி போடுமுன் வனச்சரக அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொள்வது நல்லது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பல நாட்கள் வெயிலே இராது, பேட்டரி இறங்கிவிடும். அப்போது வீட்டு லைனை வேலிக் கம்பியில் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் கூடவே கூடாது. எத்தனை தரமான பெட்டியானாலும் அதைத் தாண்டிச் செல்லும் மின்சாரத்தைத் தடுக்க அதனால் இயலாது. பேட்டரியைக் கழற்றி, வீட்டில் சார்ஜ் ஏற்றி மாட்டிக்கொள்ளலாம். அதிகாலையில் அந்த வேலியோரம் முதலில் நடப்பது நம் வீட்டாரும், கொழுந்து பறிக்க வரும் பெண்களுமே.