காருக்கு அடியில் 'டக் டக்' சத்தமா? ரப்பர் புஷ், பியூ புஷ்... உப்புக் காற்று ஊருக்கு எது சரி?

வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறீர்கள். ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் முன்சக்கரத்துப் பக்கம் 'டக்'கென்று சத்தம். பின்சீட்டில் இருக்கும் அம்மா, "என்னப்பா, கீழ ஏதோ இடிக்குது?" என்கிறார். மறுநாள் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெக்கானிக் சொல்கிறார்: "லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு சார். ரப்பர் போடவா, பியூ போடவா? பியூ போட்டா ஆயுசுக்கும் கவலை இல்ல."

'ஆயுசுக்கும்' என்ற வார்த்தையைக் கேட்டதும் பலரும் தலையாட்டிவிடுகிறோம். அதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

புஷ் என்ன வேலை செய்கிறது?

சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பவை ஆர்ம்கள். ஆர்மும் வண்டியின் அடிச்சட்டமும் சேரும் இடத்தில், இரும்பும் இரும்பும் மோதாமல் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் புஷ். ரப்பர் புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம். இரண்டுக்கும் நடுவில் ரப்பரை ஒட்டவைத்திருப்பார்கள். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி பழைய நிலைக்கு வரும். எதுவும் வழுக்காது, உரசாது. அதனால் கிரீஸ் வேண்டாம், சத்தமும் இல்லை. சின்னச் சின்ன அதிர்வுகளை ரப்பரே விழுங்கிவிடும்.

பியூ என்பது பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் உருவாக்கியது. சோபா மெத்தையின் ஃபோம், ஷூவின் அடிப்பாகம் எல்லாம் இதே குடும்பம்தான். புஷ்ஷுக்கு இதில் கெட்டியான வகையைப் பயன்படுத்துகிறார்கள். இது முறுக்கிக்கொள்வதில்லை, உள்ளே இருக்கும் குழாய் சுழல்கிறது. அதனால் கிரீஸ் அவசியம். கிரீஸ் காய்ந்தால் பழைய கட்டில் மாதிரி 'கீச் கீச்' என்று கத்தும்.

பியூ போட்டால் ஸ்டீயரிங் துல்லியமாக இருக்கும். பிரேக் அடிக்கும்போதும் வளைவிலும் சக்கரம் அசையாமல் நிற்கும். ரேஸ் ஓட்டுபவர்கள் விரும்புவது இதற்காகத்தான். ஆனால், ரப்பர் விழுங்கிய அதிர்வெல்லாம் இனி நேராக வண்டிக்குள் வரும். அதாவது, பின்சீட்டு அம்மாவின் இடுப்புக்கு!

உப்புக் காற்றுக்கு எது தாங்கும்?

அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் என்று சுற்றிலும் உப்பளம். 'உப்பு ரப்பரைத் தின்னுடும், பியூ தாங்கும்' என்று சொல்வார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. ரப்பருக்கு எதிரி உப்பு அல்ல. வெயில் சூடு, காற்றில் உள்ள ஓசோன், எண்ணெய். இந்த மூன்றையும் பியூ நன்றாகத் தாங்கும் என்பது நிஜம். ஆனால், உப்பு தாக்குவது இரும்பை. துரு ஏறினால் ரப்பர் ஒட்டியிருக்கும் பிடிப்பு விட்டுப்போகும். போல்ட் குழாயோடு இறுகி, அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். பியூ புஷ்ஷிலும் அதே போல்ட், பெரும்பாலும் அதே இரும்புக் குழாய்தானே?

பியூவிலும் ரகங்கள் உண்டு. 'எஸ்டர்' வகை, ஈரமும் சூடும் சேர்ந்தால் மெல்ல மெல்லச் சிதையும். 'ஈதர்' வகை ஈரத்தைத் தாங்கும். பெயரில்லாத டப்பாவில் வரும் புஷ் எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, கிரீஸில் மணல் ஒட்டினால் அது அரம் போல உரசித் தேய்க்கும்.

'ரப்பர் ஆறு மாசம்கூட வரல' என்கிறீர்களா?

பல நேரங்களில் தப்பு ரப்பர் மேல் இல்லை, மாட்டிய விதத்தில். வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கி, சீக்கிரமே கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும். பியூவில் குழாய் சுழல்வதால் இந்தத் தப்பு தெரியாது. 'பியூதான் உழைக்குது' என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, துருப்பிடிக்காமல் இருக்க வண்டிக்கு அடியில் பழைய ஆயிலை அடிக்கும் பழக்கம். ஆயில் பட்டால் ரப்பர் ஊதி, மெத்தென்றாகிவிடும். ஆயிலைவிட, நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தை அடிக்கடி கழுவுவது மேல்.

எங்கே எதைப் போடலாம்?

* லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் மவுண்ட்: குடும்பத்தோடு போகும் காருக்கு கம்பெனி ரப்பரே போதும். ஆர்மே துருப்பிடித்திருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றாமல் ஆர்மை முழுசாக மாற்றுங்கள்.
* ஸ்டெபிலைசர் பார் புஷ்: பியூ ஆசை இருந்தால் இங்கே போடலாம். சொகுசு பெரிதாகக் குறையாது. கிரீஸ் மட்டும் மறக்கக் கூடாது.
* லோடு வண்டியின் பட்டை ஸ்பிரிங்: சொகுசைவிட பாரம் முக்கியம் என்பதால் நல்ல தரமான பியூ பொருத்தமே.
* எதைப் போட்டாலும் இடது, வலது இரண்டிலும் ஒரே வகை. ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் பியூ கூடவே கூடாது.

பணம் கொடுக்கும் முன்...

சத்தம் புஷ்ஷிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட் போனாலும் இதே 'டக் டக்' வரும். அதிலும் பால் ஜாயின்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

பட்டறையில் "ஆட்டிக் காட்டுங்கண்ணே, நானும் பாக்குறேன்" என்று தயங்காமல் கேளுங்கள். "வண்டியை இறக்கிட்டு டைட் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். ஆர்மில் கை வைத்த பிறகு வீல் அலைன்மென்ட்டையும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புஷ்ஷில் மிச்சம் பிடித்த காசு டயரில் போய்விடும்.